நீமாவுக்கு ஒரு பெட்டி

நாய் வளர்க்கிறவன் வளர்க்கட்டும், நாய் விற்கிறவன் விற்கட்டும். இரண்டையும் ஒருவனே செய்யப் புறப்பட்டால் என்ன ஆகும் என்று நகுரு நகரத்தில் கியாமுன்யி பேட்டைப் பக்கம் யாரைக் கேட்டாலும் முச்சேமியின் கதையைச் சொல்வார்கள். பாதிக்கு மேல் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். சிரிக்கிறவர்களை ஒருநாள் விடியற்காலையில் அவன் வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

முச்சேமி மாவு மில்லில் பதினாறு வருஷம் சரக்கறை பார்த்தவன். குடிக்க மாட்டான், பந்தாட்டம் பார்க்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தால் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நேராக நீமாவிடம் போவான். இரண்டு பேரும் மெனெங்காய் மலைச்சரிவில் ஏறி இருட்டுவதற்குள் திரும்பி வருவார்கள். நீமா ஜெர்மன் ஷெப்பர்டு. பின்னங்கால் வளைந்து பிறந்தது என்று ஒரு பண்ணைக்காரர் கொன்றுவிடச் சொன்ன குட்டி. முச்சேமி அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு மட்டாத்து என்கிற வாடகை வேனில் வீட்டுக்குக் கொண்டுவந்தான். மாட்டுப்பாலைப் பஞ்சில் நனைத்து ஊட்டினான். கால் தானாகவே நேராகிவிட்டது.

நீமாவுக்கு ஒரு வித்தை தெரியும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காலையில் கோழிக்கூட்டுக்குள் தலையை நுழைத்து, முட்டையை வாயில் கவ்வி, முற்றத்தைக் கடந்து, சமையலறைப் படி ஏறி, முச்சேமியின் மனைவி கத்தோனியின் கையில் வைக்கும். ஓட்டில் ஒரு கீறல் விழுந்திருக்காது. எட்டு வருஷத்தில் ஒரு முட்டைகூட உடைந்ததில்லை.

"உங்க கையிலே குடுத்தா போட்டு உடைச்சிருவீங்கன்னு அதுக்குத் தெரியும்," என்பாள் கத்தோனி. முச்சேமி அதற்கும் பெருமைப்படுவான்.

நீமா இரண்டு முறை குட்டி போட்டது. குட்டிகளைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். அந்த வருஷம் பேட்டையில் திருட்டு அதிகம். மதில் கட்டியவன் எல்லாம் நாய் தேடினான். பதினாறு வருஷம் அடுத்தவன் மூட்டையை எண்ணியது போதும் என்று முச்சேமிக்குத் தோன்றிவிட்டது. தெரிந்த வேலை, பிடித்த வேலை, ஊருக்கும் தேவையான வேலை. இதைவிட என்ன வேண்டும்?

மகள் வைரிமு பிறந்த நாளிலிருந்து கத்தோனி கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வைரிமுவின் அப்பா என்று, பாபா வைரிமுதான்.

"பாபா வைரிமு, நல்லா சமைக்கிறவ எல்லாம் ஓட்டல் வைக்கிறாளா? ஓட்டல்காரி மூஞ்சியைப் பாத்திருக்கீங்களா? சட்டியைப் பாத்தாலே எரிஞ்சு விழுவா. உங்களுக்கு இருக்கிறது ஒரே ஒரு சந்தோஷம். அதையும் கொண்டுபோய்க் கடையில வைக்கணுமா?"

"சந்தோஷத்துல அடுப்பு எரியுமா?"

"எரியாது. ஆனா சந்தோஷத்தை அடுப்புல வெச்சா எரிஞ்சிரும்."

ஆசை வந்தவன் காதில் எது ஏறும்? மில்லில் கணக்கை முடித்துக்கொண்டு வந்தான். வங்கியில் கடன் எடுத்துக் கொல்லையில் கம்பிவேலி போட்டு, வரிசையாகக் கொட்டில் கட்டினான். 'முச்சேமி காவல் நாய்கள்' என்று பலகை மாட்டினான். எல்லாம் நீமாவின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். ஒவ்வொன்றுக்கும் வைரிமு பெயர் வைத்தாள். எலும்பு வேகவைத்த தண்ணீரில் சோளமாவுக் களியான உகாலியைப் பிசைந்து முச்சேமியே கையால் ஊட்டினான். எட்டு மாதத்தில் ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி உயரம் நின்றது. பார்த்தவன் வாங்காமல் போகவில்லை.

விற்கத் தொடங்கிய மூன்றாவது மாதம், இரண்டு நாய் வாங்கிப்போயிருந்த மரக்கடை செப்குவோனி லாரியில் வந்து இறங்கினார். ஆள் பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. கோபம் வந்தாலும் சிரிப்பு அடங்காது.

"முச்சேமி! உன் போலீஸ்காரங்க ரெண்டு பேரையும் கொண்டாந்திருக்கேன். எறக்கிக்கோ!"

"என்னாச்சு பாஸ்?"

"என்னாச்சாவா? நாலு பேரு உள்ள வந்திருக்கானுங்க. நாப்பது பலகை போச்சு. ஒருத்தன் கையுறையைக் கீழே போட்டுட்டான். உன் ஆளு அதை வாயில கவ்விக்கிட்டு, கேட்டு வரைக்கும் பின்னாடியே போயி, அவன் கையில குடுத்திருக்கான்! கேமராவுல பாத்தேன்யா. திருடன் இவன் தலையைத் தடவிட்டுப் போறான்! குலைக்கிற நாய் கடிக்காதும்பாங்க. உன் நாய் குலைக்கவும் மாட்டேங்குது!"

லாரிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முச்சேமிக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு கணம் பெருமையாக இருந்தது. கையுறையில் பல் பட்டிருக்காது என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். வியாபாரிக்கு வரக்கூடாத பெருமை அது.

அந்த மாதத்திலேயே இன்னும் ஐந்து நாய்கள் திரும்பி வந்தன. 'முச்சேமி நாய் வாங்குனா திருடனுக்கு டீ போட்டுக் குடுக்கும்' என்று சந்தையில் பேச்சானது. வங்கியிலிருந்து போன் வந்தது.

அப்போதுதான் ஒகுட்டு வந்து சேர்ந்தான். பத்து வருஷம் காவல் கம்பெனிகளில் நாய் பழக்கியவன். ஒல்லி உடம்பு, அளந்து பேசுவான். கொட்டிலைச் சுற்றிப் பார்த்தான். நாய்கள் எல்லாம் அவன் கையை நக்கின.

"நாய்ங்க மேல தப்பில்ல பாஸ். நீங்கதான் கெடுத்து வெச்சிருக்கீங்க. பேரு சொல்லிக் கூப்பிடுறீங்க."

"பேரு சொல்லாம?"

"பெட்டியில போடுங்க."

பெட்டி என்றால் என்னவென்று அந்தப் பேட்டையில் தெரியாதவர் இல்லை. பாதி மதில் வீடுகளில் கேட்டுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கும். விடிந்ததும் நாயை உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போடுவார்கள். பொழுது சாய்ந்தால்தான் திறப்பார்கள். வெளிச்சம் காட்டக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது, தடவக் கூடாது. சோறு வைக்கிறவன் ஒரே ஆள். மற்ற நேரம் போகிற வருகிறவர்கள் பலகை இடுக்கில் குச்சியை விட்டுக் குத்திவிட்டுப் போகலாம். ஒன்றரை மாதத்தில் கடிநாய் தயார். முச்சேமி ஒவ்வொரு ஞாயிறும் அப்படிப்பட்ட வீடுகளைத் தாண்டித்தான் மலைக்குப் போவான். தாண்டும்போது நீமாவின் கழுத்தில் கையை வைத்துக்கொள்வான்.

நாலு நாள் யோசித்தான். ஐந்தாம் நாள் சொன்னான், "சரி. ஆனா நீமாவைத் தொடக்கூடாது."

"கிழவி எனக்கு எதுக்கு பாஸ்?" என்றான் ஒகுட்டு.

ஏழு பெட்டி அடித்தார்கள். முதல் வாரம் கொல்லை முழுக்க அழுகை. வைரிமு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து புத்தகப் பையோடு நின்றாள். "அப்பா, பாஸ்கோ எங்கே?"

"பாஸ்கோவை ஸ்கூல்ல சேத்திருக்கேன்மா."

"ஸ்கூல்ல ஜன்னல் வைக்க மாட்டாங்களா?"

அதற்குப் பிறகு அவள் கொல்லைப்பக்கமே போகவில்லை.

வித்தை பலித்தது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். செப்குவோனியின் கடையில் விட்டுப் பார்த்த இரண்டில் ஒன்று மூன்றாம் நாளே ஒரு திருடனின் தொடையைக் கிழித்துவிட்டது. செய்தி பரவியது. வாங்க வந்தவர்கள், "எப்படிய்யா இப்படி மாத்திட்டே?" என்று கேட்டார்கள். பெட்டி என்று சொல்ல முச்சேமிக்கு நாக்கு கூசியது. அது எந்தக் காவல்காரனுக்கும் தெரிந்த வேலை, அதற்கு எதற்கு இவனிடம் இவ்வளவு விலை? தவிர, அவன் நாய்ப்பிரியன் என்று பெயர் வாங்கியவன். ஆகவே ஒரு கதை கட்டினான்.

"எல்லாம் ரத்தம்ங்க. தாய்வழி ரத்தம். இவங்க அம்மா சிறுத்தையையே விரட்டுனவ."

பலகையில் அதையும் எழுதி வைத்தான். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். முச்சேமிக்கு வயிறாரக் கிடைத்தது. அவன் வாசலில் நின்று சிறுத்தைக் கதை சொல்லும் நேரத்தில் சிறுத்தையை விரட்டியவள் பின்பக்கம் முட்டையைக் கவ்விக்கொண்டு படியேறிக்கொண்டிருப்பாள். முதல் தடவை அதைக் கேட்டு கத்தோனி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

ஏனென்றால் முச்சேமி தன் கொல்லைக்கே போக முடியாதவனாகிவிட்டான். ஒருநாள் பழைய நினைவில் வேலியருகே போனான். பாஸ்கோ, பஞ்சில் பால் குடித்து அவன் மடியில் தூங்கிய பாஸ்கோ, கம்பி நெளிய வந்து மோதியது.

"கிட்டப் போகாதீங்க பாஸ்," என்றான் ஒகுட்டு. "இப்ப அதுக்கு நீங்களும் ஒரு ஆளுதான்."

ஞாயிற்றுக்கிழமைகளில் வாடிக்கையாளர்கள் வந்தார்கள். நீமா கழுத்துப்பட்டையைக் கவ்விக்கொண்டு கேட்டருகே போய் உட்காரும். வெயில் சாயும் வரை உட்கார்ந்திருக்கும். சில வாரங்களில் அதையும் விட்டுவிட்டது.

வருஷக் கடைசியில் செப்குவோனி மறுபடி வந்தார். நைவாஷா சாலையில் இரண்டாவது கடை திறக்கிறாராம். ஏழு நாய் ஒரே மூச்சில் வேண்டும். அவர் சொன்ன விலைக்கு வங்கிக் கடன் முக்கால்வாசி அடைந்துவிடும்.

"ஒண்ணே ஒண்ணு முச்சேமி. தாயையும் தரணும். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. சிறுத்தையை விரட்டுனவ என் வாசல்ல இருந்தா எவன் வருவான்?"

"அவளுக்கு வயசாயிருச்சு பாஸ்."

"வயசானா புலி புல்லைத் தின்னுமா?"

முச்சேமி வாயைத் திறந்தான். ரத்தமும் இல்லை சிறுத்தையும் இல்லை, எல்லாம் பெட்டிதான், அந்தக் கிழவி முட்டை பொறுக்குகிறவள் என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த வரி தொண்டை வரை வந்தது. சொன்னால் பலகை பொய்யாகும், வியாபாரம் போகும், சந்தையில் தன் நாய்கள் மறுபடி டீ போடும் நாய்களாகிவிடும் என்று நினைத்தான். வெளியே வந்தது வேறு.

"ஆறு வாரம் டைம் குடுங்க பாஸ்."

கத்தோனி கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை. உகாலி கிண்டும் துடுப்பைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"ஒகுட்டு அவளைப் பெட்டியில போடக்கூடாது. நீங்களே போடுங்க. உங்க கையை நம்பி உள்ள போறதை உங்க கண்ணால பாருங்க."

மறுநாள் விடியலில் எட்டாவது பெட்டியின் முன்னால் நீமா நின்றது. தள்ள அவனுக்கு மனம் வரவில்லை. கோழிக்கூட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்துப் பெட்டியின் கோடியில் வைத்தான். நீமா வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே போனது. வெகுநாளைக்குப் பிறகு எஜமான் விளையாட வந்திருக்கிறான். முட்டையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. அதற்குள் அவன் கதவைச் சாத்திவிட்டான்.

சாயங்காலம் அவனே போய்த் திறந்தான். நீமா தள்ளாடி வெளியே வந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு அவனைத் தேடி, அவன் கையில் முட்டையை வைத்தது. ஒரு கீறல் இல்லை. பகல் முழுதும் வைத்திருந்திருக்கிறது.

"இப்படிப் பண்ணா ஆகாது பாஸ்," என்றான் ஒகுட்டு. "இனி நீங்க வரக்கூடாது."

முச்சேமி போகவில்லை. கேட்டருகே நின்று காதைக் கொடுத்துக் கேட்பான். மற்ற நாய்கள் முதல் வாரம் அழுதன, இரண்டாம் வாரம் உறுமின. எட்டாவது பெட்டியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஆறாவது வாரம் லாரி வந்தது. ஏற்றிய கூண்டில் நீமா சுருண்டு கிடந்தது. ஒகுட்டு கூண்டைக் கம்பால் அடித்தான். நாலாவது அடிக்கு அது ஒரே ஒரு முறை பல்லைக் காட்டியது. "பாத்தியா, ரத்தம்!" என்று செப்குவோனி தொடையைத் தட்டினார். லாரி திரும்பும்போது நீமா முச்சேமி நின்ற பக்கம் பார்க்கவில்லை. அதுவே நல்லது என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஒரு மாதம் கழித்து ஒகுட்டு தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"செப்குவோனி கடையில வேலை போட்டுக் குடுத்திருக்காரு பாஸ். நாய்ங்க என் ஒருத்தன் பேச்சைத்தானே கேக்குது. வேற யாராலயும் சமாளிக்க முடியலையாம்."

"இங்க ஆறு நாய் இருக்கே ஒகுட்டு? அதுங்களும் உன் பேச்சை மட்டும்தானே கேக்கும்?"

"ஆமா பாஸ்," என்றான் ஒகுட்டு, வருத்தத்தோடுதான். "அப்படித்தானே பழக்கினோம்."

வேலிக்குள் அடுத்த குட்டிகளோடு விற்காமல் மிஞ்சியதும் சேர்த்து ஆறு. அதில் பாஸ்கோவும் ஒன்று. கூண்டில் ஏற்ற முடியாத அளவுக்குக் கெட்டுப்போனதால் செப்குவோனியே வேண்டாம் என்று விட்டுப்போனது. முச்சேமி மண்வெட்டியால் உகாலியை வேலிக்கு மேல் வீசினான். ரப்பர் குழாயில் தண்ணீர் பீச்சினான். ஒன்பது நாள் அப்படி ஓட்டினான். வந்து பார்த்தவர்கள் வேலியைத் தொடாமலே திரும்பிப் போனார்கள். பத்தாம் நாள் இரண்டு நாய்கள் ஒன்றை ஒன்று குடல் தெரியக் கடித்துக்கொண்டன. ஆறையும் ஊசி போட்டு முடித்துவிடக் கால்நடை டாக்டரை அழைத்தான்.

டாக்டர் நீளக்கம்பின் நுனியில் ஊசியை மாட்டினார். "கம்பி ஓரமா பக்கவாட்டுல வந்து நின்னாத்தான் குத்த முடியும். என்னைப் பாத்தா பாயுது. பேரு சொல்லிக் கூப்பிட்டா வருமா?"

"ஒரு வருஷமா பேரு சொல்லல டாக்டர். மறந்திருக்கும்."

"கூப்பிட்டுப் பாருங்க."

முச்சேமி வேலியருகே குந்தினான். "பாஸ்கோ," என்றான். "பாஸ்கோ, வாடா."

உறுமிக்கொண்டிருந்த நாயின் காது நிமிர்ந்தது. உறுமல் நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு மெதுவாக, வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு, கம்பியோரம் வந்து விலாவைச் சாய்த்துப் படுத்தது. வாலின் நுனி ஒருமுறை அசைந்தது. டாக்டர் குத்தினார்.

ஆறு நாய்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டான். ஆறும் வந்தன. கடைசி நாய் விழுந்தபோது முச்சேமி வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். டாக்டர் வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் செப்குவோனியிடம் போனான். கடனோ உடனோ வாங்கி நீமாவின் விலையைத் திருப்பித் தருவதாகச் சொல்லத்தான் போனான். அதற்கு அவசியமே இருக்கவில்லை.

"அந்தக் கிழவியா? கூட்டிட்டுப் போய்யா. குலைக்கவும் இல்ல, கடிக்கவும் இல்ல. ஒகுட்டே வேண்டாங்கிறான்."

"பாஸ், நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். ரத்தம் கித்தம் ஒண்ணுமில்ல. பெட்டியில போட்டுத்தான்..."

செப்குவோனி சிரித்தார். "பெட்டின்னு எனக்குத் தெரியாதா? என் அப்பன் காலத்துலருந்து எங்க வீட்லயே பெட்டி இருக்கு. வியாபாரின்னா நாலு கதை சொல்லுவான். நானும் வாங்குறவன், கூட ஒண்ணு கேட்டுப் பாத்தேன். நீ அவளைத் தர முடியாதுன்னு சொல்லியிருந்தா ஏழோட முடிச்சிருப்பேனே."

முச்சேமி அங்கே கிடந்த பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

இப்போது பழைய மில்லிலேயே வாசலில் மூட்டை எண்ணுகிறான். சரக்கறையில் வேறு ஆள். போன மாதம் சர்ச் சேமிப்புக் குழுவில், தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்களுக்கு நாலு வார்த்தை சொல்லக் கூப்பிட்டார்கள். தோற்றவனிடம்தான் பாடம் இருக்கும் என்றார் குழுத் தலைவர். முச்சேமி கோட்டைப் போட்டுக்கொண்டு போனான். உன் தொழிலின் சாவியை அடுத்தவன் கையில் மட்டும் கொடுத்து வைக்காதே என்றான். யாரும் கேட்காத பொய்யைச் சொல்லாதே என்றான். எழுதிக்கொண்டார்கள், கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒருவன் எழுந்து கேட்டான்:

"வியாபாரம் போச்சு சரி. நாய் வளர்க்கிற பழைய ஆசை இன்னும் இருக்கா அண்ணே?"

"ஒரு நாய் இருக்கு," என்று சொல்லிவிட்டு முச்சேமி உட்கார்ந்துவிட்டான்.

இருக்கிறது. கூட்டிவந்த அன்றே எட்டு பெட்டிகளையும் உடைத்து விறகாக்கினான். விடிந்ததும் நீமா பாயிலிருந்து எழுந்து, பெட்டி இருந்த இடத்துக்குப் போய் நின்றது. வெளிச்சம் ஏற ஏற அதற்கு உடம்பு உதறியது. முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது. கடைசியில் கோழிக்கூட்டுக்கும் மதிலுக்கும் நடுவே தலையைச் செருகிக்கொண்டு, பொழுது சாயும் வரை நடுங்கியபடி கிடந்தது. கத்தோனி ஒரு முட்டையை எதிரில் வைத்துப் பார்த்தாள். நீமா மோந்துகூடப் பார்க்கவில்லை. நாலு நாள் இதே கதை. தண்ணீரும் பேருக்குத்தான் குடித்தது.

ஐந்தாம் நாள் முச்சேமி விறகுக் குவியலிலிருந்து பலகைகளைப் பொறுக்கி எடுத்தான். அதே அளவில், அதே இடத்தில், தன் கையாலேயே ஒரு பெட்டி அடித்தான்.

இன்றும் விடியலில் நீமா தானாகவே எழுந்து போய் அதற்குள் நுழைகிறது. உள்ளே திரும்பி நின்று அவனைப் பார்க்கிறது. முச்சேமி தினமும் ஒருமுறை கேட்கிறான், "வேண்டாம் நீமா, வெளியே வாயேன்." அது நடுங்கிக்கொண்டே நிற்கிறது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும் வரை அது படுக்காது. அவன் தாழ்ப்பாளைப் போடுகிறான். உள்ளே அது பெருமூச்சு விட்டுப் படுப்பது கேட்கிறது. அதைக் கேட்ட பிறகுதான் அவன் வேலைக்குப் போகிறான்.